எஃப்டி ஆர்எக்ஸ்-7: பிளாஸ்டிக் தொட்டி ரேடியேட்டரை அலுமினியத்துக்கு மாற்றுவது

கிள்ளான்_எஃப்டி:

வணக்கம். கார் 1993 மாஸ்டா ஆர்எக்ஸ்-7 (எஃப்டி3எஸ் தலைமுறை, சுருக்கமாக எஃப்டி), ஜப்பானிலிருந்து இறக்குமதி, மேனுவல் கியர். 13பி-ஆர்இடபிள்யூ ரோட்டரி என்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டர்கள்), இரட்டை டர்போ, இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), டர்போ காற்றைக் குளிர்விக்கும் சின்ன இன்டர்கூலர் எல்லாம் கம்பெனியில் வந்தபடியே இருக்கின்றன. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி பழுப்பேறிவிட்டது. அலுமினியத்தோடு மடித்துச் சேர்த்த விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கீழே சொட்டவில்லை.

தனியாகப் போட்ட டிஜிட்டல் மீட்டரில் நெடுஞ்சாலையில் 110 கி.மீ. வேகத்தில் 86–88 டிகிரி. கோலாலம்பூர் நெரிசலில் ஏசி இல்லாமல் நின்றால் மெதுவாக 105 வரை ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். விநோதம் என்னவென்றால், ஏசி போட்டால் 97–98ஐத் தாண்டுவதில்லை. வருடத்துக்கு ஓரிரு முறை செப்பாங் டிராக்கில் ஓட்டும் எண்ணமும் உண்டு.

முழு அலுமினிய ரேடியேட்டர் வாங்கப் போகிறேன். கோர் (காற்று ஊடுருவும் டியூப்-ஃபின் பகுதி) 36 மி.மீ. தடிமனா, 53 மி.மீ. தடிமனா? கூலன்ட் அழுத்த மூடியை 1.3 பாருக்கு ஏற்றலாமா? என்ஜின் முன்னால் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவை (ஏஎஸ்டி, காற்றைப் பிரிக்கும் தொட்டி) வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா? விசிறிகளையும் மாற்ற வேண்டுமா?

சுழலி:

நீங்க விநோதம்னு சொன்னதுலயே பாதி பதில் இருக்கு. ஏசி போட்டா, ரேடியேட்டருக்கு முன்னால நின்னு ஏசியோட சூட்டை வெளியேத்தற கண்டென்சரோட சூடும் சேர்ந்து ரேடியேட்டர் மேலதான் அடிக்கும், அப்படியும் தண்ணி சூடு குறையுது. அப்போ கோருக்குத் திறன் இருக்கு, விசிறிதான் லேட்டா வருது. இந்தக் காரோட ஒரிஜினல் இசியு 105 டிகிரி வரைக்கும் விசிறியைத் தொடவே தொடாது. ஏசி போட்டா மட்டும் உடனே குறைஞ்ச வேகத்துல சுத்தும். உங்க மீட்டர் காட்டுறது கோளாறு இல்லை, மாஸ்டா வெச்ச கணக்கு. நெரிசல் சூட்டுக்காக 53 மி.மீ. கோர் வாங்குனா காசுதான் போகும்.

ஆனா ரேடியேட்டரை மாத்தியே ஆகணும், அதுல சந்தேகமே வேணாம். வெள்ளையா பூத்திருக்கறது சீல் வழியா கசிஞ்சு காஞ்ச கூலன்ட். அந்த பிளாஸ்டிக் இத்தனை வருஷச் சூட்டுல விறைச்சுப் போயிருக்கும். அது சொட்டு சொட்டா எச்சரிக்கை கொடுத்துட்டு உடையாது, முழு பூஸ்ட்ல (டர்போ அழுத்தத்துல) போகும்போது ஒரே அடியா பிளக்கும். பிஸ்டன் என்ஜின்னா ஹெட் கேஸ்கட்டோட தப்பிக்கலாம். இங்க பக்கவாட்டு ஹவுசிங் (என்ஜின் உறை) வார்ப்பிரும்பு, ரோட்டர் ஹவுசிங் அலுமினியம். சூட்டுல ரெண்டும் வேற வேற அளவு விரியும், நடுவுல இருக்கறது மெல்லிசான ரப்பர் வளையம். ஒரு தடவை நல்லா கொதிச்சா அந்த கூலன்ட் சீல் போயிடும். அப்புறம் என்ஜினை முழுசாப் பிரிக்கறதைத் தவிர வழியே இல்லை.

கோர் தடிமனுக்கு வர்றேன். ஒரிஜினல் விசிறியும் ஒரிஜினல் கவசமும் (ஷ்ரவுட்) வெச்சு ஓட்டற காருக்கு 36 மி.மீ. போதும். கோயோ மாதிரி எஃப்டிக்குன்னே வர்ற நேரடிப் பொருத்தம் எதுவானாலும் சரி. தடிமன் கூடுனா காத்து உள்ள போக அதிக அழுத்தம் வேணும், கோரோட பின்பாதிக்கு ஏற்கெனவே சூடான காத்துதான் கிடைக்கும். டிராக்ல 200 கி.மீ. வேகத்துல, சந்து இல்லாம மூடின டக்ட்டோட (காத்தைக் கோருக்குக் கொண்டுபோற குழல்) போனா 53க்கு அர்த்தம் இருக்கு. நெரிசல்ல சாதா விசிறியோட அது 36ஐ விட மோசமாக்கூட நடக்கலாம். அதுலயும் ஃபின் நெருக்கமா இருந்தா இன்னும் மோசம்.

காத்து விஷயத்துலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. கண்டென்சரையும் ரேடியேட்டரையும் பிரிக்கும்போது நடுவுல பாருங்க, காஞ்ச இலை, பூச்சி, பிளாஸ்டிக் பைத் துண்டு எல்லாம் அங்கதான் இருக்கும். என்ஜின் பக்கத்துல இருந்து முன்னால பார்த்து, தோட்டத்துக் குழாய் அழுத்தத்துல கழுவுங்க. பிரஷர் வாஷர் கண்டென்சர் ஃபின்னை மடிச்சுப் போட்டுடும். திரும்ப மாட்டும்போது ரெண்டுக்கும் நடுவுல நாலு ஓரத்துலயும் 10–12 மி.மீ. மூடிய செல் ஃபோம் ஒட்டுங்க. பம்பர் வாய்க்குள்ள நுழையற காத்து சுலபமான வழியத்தான் தேடும். ஓரத்துல விரல் நுழையற சந்து இருந்தா கோருக்குள்ள போகாம அது வழியா ஓடிடும்.

காருக்கு அடியில இருக்கற பிளாஸ்டிக் தட்டு முழுசா இருக்கா? எஃப்டியில ரேடியேட்டர் சாய்ஞ்சு படுத்திருக்கு. அந்தத் தட்டு இல்லைன்னா காத்து கோருக்குள்ள ஏறாம கீழேயே நழுவிப் போகும், என்ஜின் அறையில இருந்து சூடான காத்து வெளியேறவும் கஷ்டம். ஆயில் மாத்துற இடத்துல கழட்டிட்டு நாலு கிளிப் குறைவா மாட்டி, கடைசியில தட்டே காணாமப் போன கார்தான் அதிகம். நெடுஞ்சாலையில சூடு ஏறுதுன்னு வர்ற எஃப்டியில நான் முதல்ல குனிஞ்சு பாக்கறது அதைத்தான்.

செப்பாங் போறதா இருந்தா ஆயில் கூலரையும் பாருங்க. ரோட்டரைக் குளிர வைக்கறது தண்ணி இல்லை, ஆயில். ஒத்தை ஆயில் கூலர் காரா இருந்தா டிராக்ல தண்ணி மீட்டர் 100 காட்டும்போதே ஆயில் எல்லை தாண்டியிருக்கும். அதை ரேடியேட்டர் எதுவும் பண்ணிக் காப்பாத்தாது.

வடிகால்போல்ட்:

சுழலி சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஏஎஸ்டி, மூடி, பொருத்தும் முறை ஆகியவற்றை நான் எழுதுகிறேன்.

அந்தக் கறுப்பு டப்பா காற்றைப் பிரிக்கும் தொட்டி. பிளாஸ்டிக்கால் ஆனது, தையல் விளிம்பில் பிளந்துகொள்ளும். ரேடியேட்டரை மாற்றிவிட்டு இதை மட்டும் விட்டுவைத்தால் அடுத்து உடைவது இதுதான். அலுமினியத்தில் செய்த மாற்றுத் தொட்டியைப் போடலாம், அல்லது அடியோடு எடுத்துவிடலாம். தெருவில் ஓடும் காருக்கு அலுமினியத் தொட்டியே என் தேர்வு. கூலன்ட் நிரப்பும்போது உள்ளே தங்கும் காற்று தானாக அங்கே போய்ச் சேர்கிறது.

எடுத்துவிடுவதென்றால் குழாய்களை இப்படி மாற்ற வேண்டும். ரேடியேட்டரின் மேல்பக்கம் இருக்கும் சிறிய நிப்பிளை அடைத்துவிடுங்கள். என்ஜின் மேல் உள்ள நிரப்பு வாயின் நிப்பிளிலிருந்து வரும் சிறு ஹோஸை நேராக வழிவுப் புட்டிக்கு (வழியும் கூலன்ட் சேரும் புட்டி) கொண்டுபோங்கள். பிறகு மூடிகள். ஒரிஜினல் அமைப்பில் அழுத்த மூடி ஏஎஸ்டியின் மேல் இருக்கிறது, நிரப்பு வாயில் இருப்பது வால்வு இல்லாத வெறும் மூடி. ஏஎஸ்டியை எடுத்த பிறகு அழுத்த மூடி நிரப்பு வாய்க்கு வர வேண்டும். வெறும் மூடியையே அங்கே விட்டால் அமைப்பில் அழுத்தமே நிற்காது. வெந்நீர் வழிவுப் புட்டிக்குள் கொப்பளித்துக்கொண்டே இருக்கும், ஆட்கள் புது ரேடியேட்டர் மேல் பழி போடுவார்கள்.

மூடி அழுத்தம்: 0.9 பார் மூடியோடு வெறும் தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரியில் கொதிக்கும், 1.3 பார் மூடியோடு 124 டிகிரியில். கூலன்ட் கலந்தால் இரண்டும் இன்னும் சில டிகிரி ஏறும். அழுத்தம் கூடினால் சூடு குறையாது. ஸ்பார்க் பிளக்கைச் சுற்றியுள்ள பகுதியில் ஹவுசிங் சுவரை ஒட்டி நீராவிக் குமிழ் உருவாவதைத்தான் அது தள்ளிப்போடுகிறது. இந்த என்ஜினில் எரிதல் எப்போதும் அந்த ஒரே பக்கத்தில் நடப்பதால் அந்தப் பயன் உண்மையானதே. ஆனால் அதே 1.3 பார் ஹீட்டர் கோர், டர்போவுக்குப் போகும் சிறு ஹோஸ்கள், த்ராட்டில் பாடிக்குப் போகும் ஹோஸ் எல்லாவற்றின் மேலும் விழும். அவை 1993இல் பொருத்தியவையாக இருந்தால் 0.9லேயே நில்லுங்கள். எல்லா ஹோஸும் புதிது, பிளாஸ்டிக் எங்கும் இல்லை என்றால் 1.1 நியாயமானது. உங்கள் காருக்கு 1.3 தேவையில்லை.

வேலை ஒரு முழு நாள் பிடிக்கும். என்ஜின் கைபொறுக்கும் அளவு ஆறிய பிறகு மூடியைத் திறந்து, ரேடியேட்டர் அடிவடிகாலைத் திறக்கவும். என்ஜின் பிளாக்கிலும் ஒரு வடிகால் போல்ட் உண்டு. அதை விட்டுவிட்டால் பழைய கூலன்டில் கணிசமான பங்கு உள்ளேயே நின்று புதியதோடு கலக்கும். பேட்டரி இணைப்பு, அடித்தட்டு, காற்று உறிஞ்சும் குழாய்கள், இன்டர்கூலரும் அதன் டக்ட்டும், விசிறிக் கவசம் என்ற வரிசையில் கழற்றினால் ரேடியேட்டர் மேல்வழியாக வரும். கண்டென்சர் தன் இடத்திலேயே இருக்கட்டும், அதன் குழாயை அசைத்து வளைக்காதீர்கள்.

புது ரேடியேட்டரைப் பொருத்தும் முன் காய்ச்சி வடித்த தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிக் கொட்டுங்கள். உள்ளே பற்றவைப்புத் தூளும் உலோகத் துருவலும் இருக்கும். பழையதன் அடி ரப்பர்களை மறுபடி பயன்படுத்தாமல் புதியவை வாங்குங்கள். முழு அலுமினிய ரேடியேட்டரை ரப்பர் இல்லாமல் இறுக்கிப் பூட்டினால் சட்டத்தின் முறுக்கல் நேராக பிராக்கெட் வெல்டில் இறங்கி அங்கே விரிசல் விடும். விசிறிக் கவசத்தைப் பிடிக்கும் போல்ட்டின் நீளத்தை முதலில் கையால் திருகிப் பாருங்கள். 5 மி.மீ. நீளம் கூடினால் போதும், புது கோரிலேயே ஓட்டை விழும்.

கூலன்ட் ஏறக்குறைய 9 லிட்டர் பிடிக்கும். மலேசியாவில் தண்ணீர் உறையப்போவதில்லை, ஆகவே பாதிக்குப் பாதி கலவைக்கு அவசியம் இல்லை. அடர் கூலன்டில் உள்ள கிளைக்கால் (உறையாமல் காக்கும் வேதிப்பொருள்) கூடக் கூட கலவை சூட்டைச் சுமக்கும் திறன் குறையும். 3 லிட்டர் அடர் கூலன்ட், 6 லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீர். அதற்குக் கீழே போகாதீர்கள், துருத்தடுப்பு மருந்து போதாமல் போகும். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

விசிறி95:

ஃபேன் பத்தி. ஒரிஜினல் ஃபேன் ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டு மெல்லிசான ஸ்லிம் ஃபேன் போடாதீங்க. பெட்டி மேல எழுதியிருக்கற காற்றளவு, முன்னாடி எந்தத் தடையும் இல்லாதப்போ அளந்தது. கண்டென்சரும் ரேடியேட்டரும் முன்னால நின்னா அதுல பாதிகூட வராத ஃபேன் நிறைய இருக்கு. கோர் வழியா பிளாஸ்டிக் நூல் விட்டுக் கட்டுற மாதிரி வந்தா இன்னும் ஆபத்து. அது ஆட ஆட டியூப் தேய்ஞ்சு ஓட்டை விழும். ஒரிஜினல் கவசம் கோர் முழுசையும் மூடுது, அதை விடாதீங்க.

மாத்த வேண்டியது ஃபேன் எப்ப சுத்தணும்ங்கறதை மட்டும்தான். இசியு ஸ்டாக்னா சுலபமான வழி, முந்தைய தலைமுறை எஃப்சி ஆர்எக்ஸ்-7ஓட தெர்மோ ஸ்விட்ச் (குறிப்பிட்ட சூட்டுல இயங்கற ஸ்விட்ச்). வாட்டர் பம்ப் ஹவுசிங்ல இருக்கற எஃப்டி ஸ்விட்சைக் கழட்டிட்டு அதே ஓட்டையில அதே மரைல மாட்டலாம். 95 டிகிரியிலயே ஃபேனைக் கூப்பிடும். கூலன்ட் காலியா இருக்கும்போதே மாட்டிடுங்க, அப்புறம் தனியா வேலை வேணாம். பின்னாடி வெளியில விக்கற பவர் எஃப்சி மாதிரி மாற்று இசியு போட்டா இந்த ஸ்விட்ச் இல்லாமலே ஃபேன் டிகிரியை அதுலயே குறைச்சுக்கலாம்.

ஃபேன் இனிமே முன்னைவிட அதிக நேரம் ஓடும். அதனால கனெக்டரைப் பிரிச்சுப் பாருங்க. பின் பழுப்பாவோ, பிளாஸ்டிக் உருகின மாதிரியோ இருந்தா புதுசு போடணும். ரிலேயும் 30 வருஷம் பழசு, விலை கம்மி, சேர்த்து மாத்திடுங்க. ஏசி போட்டு ரெண்டு ஃபேனும் ஒரே மாதிரி சுத்துதான்னு பாருங்க. ஒண்ணு மந்தமா சுத்துனா மோட்டார் பிரஷ் தேய்ஞ்சிருக்கு.

மீட்டர் போட்டிருக்கறது நல்லது. டேஷ்போர்டு முள்ளை நம்பக் கூடாது, 80ல இருந்து 110 பக்கம் வரைக்கும் நடுவுலயே ஆடாம நிக்கும். அது நகர ஆரம்பிக்கும்போது உங்களுக்கு நேரம் இருக்காது. உங்க சென்சார் எங்க இருக்கு? மேல் ஹோஸ்ல அடாப்டர் வெட்டிப் போட்டிருந்தா ரெண்டு சங்கதி. அது தெர்மோஸ்டாட்டுக்கு (சூடானா திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடுற வால்வு) அப்புறம் இருக்கு, அதனால தெர்மோஸ்டாட் திறக்கற வரைக்கும் சும்மா குறைச்சுக் காட்டும். அப்புறம் ரெண்டு பக்கமும் ரப்பர் ஹோஸ்ங்கறதால அடாப்டருக்குத் தனியா எர்த் ஒயர் வேணும், சென்சார் ஒத்தை ஒயரா இருந்தா. எர்த் சரியில்லாம 10 டிகிரி தப்பா காட்டுறதை வெச்சு ரேடியேட்டர் மாத்தினவங்க இருக்காங்க.

புது அலுமினியத்துக்கு இன்னொரு பரிசோதனை. மல்டிமீட்டரோட ஒரு முனையை கூலன்டுல தொங்க விடுங்க, உலோகத்துல படக் கூடாது. இன்னொண்ணை பேட்டரி மைனஸ்ல வைங்க. இக்னிஷன், ஃபேன், லைட் ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க. 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா நிம்மதி. எதையாவது போட்டதும் 0.3ஐத் தாண்டினா அந்தச் சாதனத்தோட எர்த் கூலன்ட் வழியா வருது. சரி பண்ணலைன்னா புது கோர் உள்ளுக்குள்ள அரிச்சு, சில மாசத்துலயே ஊசித் துளை விழும்.

கிள்ளான்_எஃப்டி:

மூவருக்கும் நன்றி. சென்சார் மேல் ஹோஸ் அடாப்டரில்தான் இருக்கிறது, எர்த் இல்லை. அடித்தட்டு பாதிதான் இருக்கிறது. இன்று குனிந்து பார்த்துவிட்டேன்.

இரண்டு சந்தேகம். பட்டறையில், "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட்டே வேண்டாம், எடுத்துவிடலாம்" என்கிறார்கள். இல்லாவிட்டால் 71 டிகிரி தெர்மோஸ்டாட் போடலாமாம். சரியா? நிரப்பிய பிறகு காற்று வெளியேற்றும் முறையையும் யாராவது சொல்ல முடியுமா?

சுழலி:

தெர்மோஸ்டாட்டை எடுக்கவே விடாதீங்க. இந்த என்ஜின்ல அதுக்கு ரெண்டு வேலை. அடியில இருக்கற தட்டு, மேல வால்வு திறக்கும்போது பைபாஸ் துளையை (ரேடியேட்டருக்குப் போகாம பம்புக்கே திரும்பற குறுக்குவழி) போய் மூடும். தெர்மோஸ்டாட்டை எடுத்தா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம பம்புக்கே திரும்பி வரும். குளிரணும்னு எடுத்தவருக்கு இன்னும் சூடாகும். கடையில வாங்கும்போதும் அந்த அடித்தட்டு இருக்கான்னு பாருங்க, பார்க்க ஒரே மாதிரி இருந்து தட்டு இல்லாததும் விக்குது.

71 டிகிரியும் வேணாம். தெர்மோஸ்டாட் கீழ் எல்லையைத்தான் தீர்மானிக்கும், மேல் எல்லையை இல்லை. ஒரிஜினல் 82ல திறக்க ஆரம்பிச்சு 95 பக்கத்துல முழுசா திறந்துடும். அதுக்கு மேல எந்தத் தெர்மோஸ்டாட் போட்டாலும் ஒண்ணுதான், மீதி எல்லாம் கோரும் காத்தும். நெடுஞ்சாலையில 86–88 காட்டுதுன்னா உங்களோடது ஒழுங்கா வேலை செய்யுது. இருந்தாலும் கழட்டினதும் புது ஒரிஜினல் போட்டுடுங்க, கேஸ்கட்டோட. அதுல இருக்கற சின்ன ஆடுற ஊசி மேல பார்த்து இருக்கணும், நிரப்பும்போது காத்து அது வழியாத்தான் வெளியேறும்.

வடிகால்போல்ட்:

காற்று வெளியேற்றம்: காரின் மூக்கை ஒரு அடியாவது உயர்த்தி நிறுத்துங்கள், நிரப்பு வாய் மொத்த அமைப்பிலும் உயரமான இடமாக வர வேண்டும். ஹீட்டர் முழுச் சூட்டில், அதன் விசிறி குறைந்த வேகத்தில். என்ஜின் அணைந்த நிலையில் மெதுவாக ஊற்றுங்கள். இடையிடையே மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கையால் பிசைந்து விடுங்கள். இனி ஏறாது என்றதும் மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடவும். கழுத்தில் புனல் பொருத்திக்கொண்டால் சிந்தாது. மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மேல் ஹோஸ் சட்டென்று சூடேறினால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. அதன்பின் இரண்டு மூன்று முறை நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு ஏற்றி இறக்குங்கள், சிக்கிய குமிழ்கள் வரும். ஹீட்டரில் சூடான காற்று தொடர்ந்து வர வேண்டும். விட்டுவிட்டுக் குளிர்ந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது.

விசிறி ஒருமுறை ஓடி நின்றதும் அணைத்து, மூடி போட்டு, வழிவுப் புட்டியைப் பாதி நிரப்பி இரவு முழுக்க ஆறவிடுங்கள். காலையில் புட்டியிலிருந்து கொஞ்சம் உள்ளே உறிஞ்சப்பட்டிருந்தால் மூடி ஒழுங்காக வேலை செய்கிறது. புட்டி அப்படியே இருந்து கழுத்தில் மட்டம் இறங்கியிருந்தால் மூடியின் வெற்றிட வால்வையும் அந்தச் சிறு ஹோஸையும் பாருங்கள். முதல் சில நாள் குளிர்ந்த என்ஜினில் மட்டத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். ஹோஸ் கிளாம்ப்புகளையும் ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டியிருக்கும், புது ரப்பர் சூடு கண்டதும் சற்று அமுங்கும்.

விசிறி95:

ஒண்ணு சேர்த்துக்கறேன். குமிழ் பத்து பதினஞ்சு நிமிஷத்துல நிக்கணும். தெர்மோஸ்டாட் திறந்து வெகுநேரம் ஆகியும், ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் ஷாம்பெய்ன் மாதிரி நுரைச்சு வந்துட்டே இருந்தா அது சிக்கின காத்து இல்லை, என்ஜினுக்குள்ள எரிஞ்ச வாயு. அதோட காலையில ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு ரோட்டர் தடுமாறி வெள்ளைப் புகை வந்தா, கூலன்ட் குறைஞ்ச எச்சரிக்கை விளக்கும் பஸரும் அடிக்கடி வந்தா, கூலன்ட் சீல் ஏற்கெனவே போயிருக்கு.

புது ரேடியேட்டருக்குக் காசு கொடுக்கறதுக்கு முன்னாடியே இதைப் பாத்துடுங்க. எரிஞ்ச வாயுவைக் கண்டுபிடிக்கற சோதனை நீர் விக்குது. நீலமா இருக்கும், நிரப்பு வாய்க்கு மேல குழாய்ல வெச்சு ஆவியை உறிஞ்சணும். மஞ்சளா மாறினா எரிஞ்ச வாயு கலக்குது. கூலன்ட் உள்ள ஏறிடாம மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிட்டு, என்ஜின் சூடானப்புறம் பண்ணுங்க. நீலம் நீலமாவே இருந்தா 36 மி.மீ. கோரை ஆர்டர் போடலாம்.